எதிர்வெயில் படத்தில் முகம் தேடுவது: பைத்தானில் ஒளியைத் திருத்தும் வழி

தை மாதக் கடைசியில் பாம்பன் தெற்குக் கரையில் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களை ஒரு வாரம் போல படம் எடுத்தேன். முந்நூறு சொச்சம் படங்கள். இணையத்தில் போடலாமா என்று கேட்டபோது, அவர்களில் மூத்த அக்கா ஒருவர், “போடுங்க தம்பி, எங்க பாடு நாலு பேருக்குத் தெரியட்டும். ஆனா மூஞ்சி தெரியக் கூடாது” என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒவ்வொரு படமாகத் திறந்து கையால் மறைப்பதைவிட, முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து மறைக்கிற ஒரு சின்ன நிரல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நிரல் ஓடியது, ஆனால் காலை நேரத்துப் படங்களில் பாதி முகங்களை அது பார்க்கவே இல்லை. நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற முகம் அதற்குத் தெரியவில்லை.

அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளைப் பைத்தானில் வரிசையாகத் திறக்கத் தெரிந்தால் போதும், மற்றது எல்லாம் இதிலேயே வரும். ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள், முதல் சில எழுத்துகளை அடித்தாலே எடிட்டர் மீதியைக் காட்டிவிடும்.

தப்பு எங்கே நடக்கிறது

காலை ஏழு மணிக்கு வத்தையில், அதாவது சின்னப் படகில், ஏறுகிறார்கள். சூரியன் அவர்களுக்குப் பின்னால், தண்ணீரிலிருந்து ஒரு பனை உயரம்கூட ஏறவில்லை. படத்தில் முக்கால்வாசி வானமும் மின்னுகிற கடலும்தான். போன் கேமரா மொத்த வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது, அதனால் முகம் இருட்டில் விழுந்துவிடுகிறது. கணினிக்குப் படம் என்றால் எண்கள்தான், 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. அந்தப் படங்களில் வானம் 240-க்கு மேலே இருக்கும், முகம் 20-க்கும் 50-க்கும் இடையில் நசுங்கிக் கிடக்கும்.

மதியம் கரைக்குத் திரும்பும்போது வேறு தொல்லை. வெயில் உச்சந்தலையில். தலையில் கட்டிய துணியின் நிழல் கண்ணை மூடிவிடுகிறது, ஈரம் காயாத மூக்கும் கன்னமும் கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. ஒரே முகத்துக்குள் இருட்டும் வெள்ளையும். இதற்குக் காலைப் படத்துக்குச் செய்த மருந்து அப்படியே பொருந்தாது, பிறகு வருகிறேன்.

முகம் தேடும் நிரல் எதைப் பார்க்கிறது என்று தெரிந்தால் மற்றது விளங்கிவிடும். 2001-இல் பால் வியோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் கொடுத்த முறை, படங்களைக் கையாளும் லைப்ரரியான ஓப்பன்சிவியில் இன்னும் ஹார் காஸ்கேட் என்ற பெயரில் இருக்கிறது. அது 24-க்கு 24 பிக்சல் அளவுள்ள ஒரு சன்னலைப் படம் முழுக்க நகர்த்தி, பெரிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு இடத்திலும் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கிறது. கண் இருக்கிற பட்டை கன்னத்தைவிட இருட்டாக இருக்கிறதா? மூக்குத் தண்டு இரண்டு கண்ணையும்விட வெளிச்சமாக இருக்கிறதா? ஆக, அதற்குத் தேவை முகம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதைவிட, முகத்துக்குள் எது எதைவிட வெளிச்சம் என்பது. எதிர்வெயிலில் இந்த வித்தியாசம்தான் சுருங்கிப்போகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மாட்டேன். நம் மக்களின் கறுத்த தோல் ஒரு குறை, அதை வெளுக்க வைத்தால் கணினிக்குப் புரியும் என்று நினைத்து யாரும் இதைத் தொடங்க வேண்டாம். ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக நிரல்கள் மூன்றைச் சோதித்தார்கள். வெளிர்தோல் ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருந்தோல் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. கறுத்த முகங்களைப் போதுமான அளவு காட்டிப் பழக்காத நிரலின் குறை அது. நாம் செய்யப்போவது நிழலுக்குள் ஏற்கெனவே இருக்கிற வித்தியாசத்தை விரித்துக் காட்டுவது மட்டும்தான், அதுவும் தேடுவதற்கான பிரதியில். வெளியே போகிற படத்தில் அவர்கள் நிறம் அவர்கள் நிறமாகவே இருக்கும்.

படத்தை வாங்கும்போதே

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி வரும். ஜேபெக் சுருக்கம் 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வேலை செய்கிறது, வித்தியாசம் குறைவான நுணுக்கத்தை முதலில் தூக்கி எறிகிறது, இருட்டு முகத்தில் இருப்பதும் அதுதான். அந்தப் படத்தை நாம் வெளிச்சமாக்கினால் முகத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கேபிள் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால், போன் திரையில் முகத்தின் மேல் ஒரு தொடு தொட்டுவிட்டு எடுங்கள், வானம் வெளுத்துப்போகட்டும், பரவாயில்லை. 0 ஆகிப்போன பிக்சலுக்குள் எதுவும் மிச்சமில்லை, எந்த நிரலாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

நிறுவுவது சுலபம். டெர்மினலில் பிப் இன்ஸ்டால், பிறகு ஓப்பன்சிவி, ஒரு சின்னக் கோடு, பைத்தான். எண் கணக்குகளுக்கான நம்பை லைப்ரரி தானாகவே கூட வந்துவிடும்.

ஐஎம்ரீட் ஃபங்ஷனால் படத்தைத் திறங்கள். கோப்பின் பாதை தவறாக இருந்தால் அது பிழை எதுவும் காட்டாது, சும்மா நன், அதாவது ஒன்றுமில்லை, என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். பிறகு நாலு வரி தள்ளித்தான் நிரல் விழும். ஆகவே திறந்த கையோடு நன் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று, ஓப்பன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கிறது. வேறு லைப்ரரியில் காட்டும்போது முகம் நீலம் பாய்ந்து தெரிந்தால் காரணம் இதுதான்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். கண்டுபிடிக்க முடியாமல் போன ஒரு முகத்தை எடுத்து, அந்தச் சதுரத்தை மட்டும் வெட்டி, சாம்பல் நிறமாக மாற்றி, சராசரி எண் என்ன, மிகக் குறைந்தது எது, மிக அதிகம் எது என்று அச்சிடுங்கள். ஐந்து முகத்துக்குச் செய்தாலே உங்கள் படங்களின் நோய் பிடிபட்டுவிடும். சாம்பல் நிறமாக மாற்ற சிவிடிகலர். அது சிவப்பை 0.299, பச்சையை 0.587, நீலத்தை 0.114 என்று நிறுத்துக் கலக்கிறது.

கூட்டல் ஏன் உதவாது

இருட்டாக இருக்கிறது, எல்லாவற்றிலும் 60 கூட்டிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதில் இரண்டு பள்ளம் இருக்கிறது.

முதலாவது, பிக்சல் எண்ணுக்கு 255-தான் எல்லை. நம்பையில் வெறும் கூட்டல் குறி போட்டால் எல்லையைத் தாண்டியது திரும்ப 0-இலிருந்து தொடங்கிவிடும். 250-உடன் 10 கூட்டினால் 4. வானத்தில் கரும்புள்ளிகள் கொட்டிக் கிடக்கும். ஓப்பன்சிவியின் ஆட் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் 255-இலேயே நின்றுவிடும்.

இரண்டாவது பள்ளம்தான் பெரியது. கண் 20, கன்னம் 40 என்றால் வித்தியாசம் 20. இரண்டிலும் 60 கூட்டினால் 80, 100, அப்போதும் அதே 20. போதாக்குறைக்கு, ஹார் முறை ஒவ்வொரு சன்னலிலும் ஒளி ஏற்றத்தாழ்வைத் தானே சமன்செய்துகொண்டுதான் பார்க்கிறது. அதனால் எல்லாப் பிக்சலிலும் ஒரே எண்ணைக் கூட்டுவதும் ஒரே எண்ணால் பெருக்குவதும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நான் ஒரு மாலை முழுக்க வெவ்வேறு எண்களைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு முகம்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. இருட்டுப் பக்கத்தை மட்டும் இழுத்து விரிக்கிற வழிதான் வேண்டும்.

காமா: இருட்டை விரிப்பது

அந்த வழிக்குப் பெயர் காமா திருத்தம். பிக்சல் எண்ணை 255-ஆல் வகுங்கள், 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண் வரும். அதைக் காமா என்கிற அடுக்குக்கு உயர்த்துங்கள். மறுபடி 255-ஆல் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

காமா 0.5 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண் 20, அது 71 ஆகிறது. கன்னம் 40, அது 101 ஆகிறது. 20 ஆக இருந்த வித்தியாசம் 30 ஆகிவிட்டது. அதே நேரம் வானமும் கடலும் இருக்கிற வெளிச்சப் பக்கத்தில் 200 என்பது 226, 220 என்பது 237, அங்கே இருந்த 20 வித்தியாசம் 11 ஆகச் சுருங்கியது. நமக்கு வானம் வேண்டாம், சுருங்கட்டும். தேடும் சன்னலுக்குள் முகத்தோடு ஓர் ஓரத்தில் வானமும் விழுந்துவிட்டால் முன்பு வானத்துக்கும் முகத்துக்கும் இருக்கிற பெரிய இடைவெளிதான் கணக்கை ஆட்டிவைத்தது, இப்போது அந்த இடைவெளி குறைந்து முகத்துக்குள் இருக்கிற வித்தியாசம் மேலே வருகிறது. எதிர்வெயில் படத்துக்குக் காமா உதவுவது இதனால்தான்.

நிரலில் ஒவ்வொரு பிக்சலுக்கும் அடுக்குக் கணக்குப் போட வேண்டியதில்லை. 0 முதல் 255 வரை 256 எண்களுக்கு ஒரே தடவை கணக்குப் போட்டு ஓர் அட்டவணை செய்துகொள்ளுங்கள், பிறகு எல்யூடி ஃபங்ஷனிடம் படத்தையும் அட்டவணையையும் கொடுத்தால் கண் இமைக்கும் நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடும். அட்டவணையின் எண் வகை யுஇன்ட்8, அதாவது 0 முதல் 255 வரையான முழு எண், என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே வருகிற படமும் தசம எண்களாக வந்து, அடுத்த படியில் தகராறு செய்யும். சிலர் அடுக்கில் காமாவைப் போடாமல் 1 வகுத்தல் காமா என்று போடுவார்கள். அவர்கள் நிரலில் 2 என்றால் இங்கே 0.5. எங்கிருந்தாவது நிரலை எடுத்து ஒட்டினால் இதை முதலில் பாருங்கள், படம் வெளிச்சமாவதற்குப் பதில் இருண்டால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

காமாவுக்கு எந்த எண்? படத்தின் சராசரியைப் பார்த்துத் தானாகவே காமாவைத் தேர்ந்தெடுக்கிற ஒரு சூத்திரம் புழக்கத்தில் இருக்கிறது, 0.5-இன் மடக்கையை, 255-ஆல் வகுத்த சராசரியின் மடக்கையால் வகுப்பது. வீட்டுக்குள் எடுத்த படத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். கடற்கரையில் அதை நம்பாதீர்கள். வானத்தால் மொத்தச் சராசரி 170 என்று இருந்தால் சூத்திரம் காமா 1.7 என்று சொல்லும், ஏற்கெனவே இருண்ட முகம் இன்னும் இருண்டுவிடும். நான் 0.7, 0.5, 0.4 என்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே போனால் முகத்தோடு சேர்ந்து இரைச்சலும், இருட்டில் ஒளிந்திருக்கிற தாறுமாறான புள்ளிகளும், பொரிப்பொரியாக எழும்புகிறது.

கிளாஹே: பகுதி பகுதியாகச் சமன்செய்வது

மதியப் படங்களுக்கு, மின்னும் கன்னமும் நிழல் கண்ணுமாக இருக்கிறவற்றுக்கு, காமா மட்டும் போதவில்லை.

ஈக்வலைஸ்ஹிஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, பல பாடங்களில் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். படத்தில் எந்த ஒளி அளவில் பிக்சல் அதிகமோ அதற்கு அதிக இடம் ஒதுக்கி விரிக்கும். நம் படத்தில் அதிகம் இருப்பது வானமும் மணலும். அவையே இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஓரத்தில் சின்னதாக நிற்கிற முகத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. தனுஷ்கோடி மணலில் எடுத்த படத்தில் போட்டுப் பாருங்கள், மணலின் ஒவ்வொரு வரியும் செதுக்கிவைத்த மாதிரி வரும், ஆட்கள் கரிக்கட்டையாக நிற்பார்கள்.

கிளாஹே இதையே கட்டம் கட்டமாகப் பிரித்துச் செய்கிறது. முகம் இருக்கிற கட்டத்துக்கு அந்தக் கட்டத்தின் கணக்கு, வானத்துக்கு வானத்தின் கணக்கு. அதோடு, ஓர் அளவுக்கு மேல் விரிக்காதே என்று ஒரு வரம்பும் வைத்துக்கொள்கிறது. கிரியேட்கிளாஹே ஃபங்ஷனுக்கு இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். கிளிப் லிமிட் என்பது வரம்பு, எதுவும் கொடுக்காவிட்டால் 40 என்று எடுத்துக்கொள்ளும், அது நமக்கு மிக அதிகம், 2 அல்லது 3 கொடுங்கள். டைல் கிரிட் என்பது கட்டங்களின் எண்ணிக்கை, 8-க்கு 8 என்று தொடங்கலாம். 4000-க்கு 3000 படத்தில் ஒரு கட்டம் 500-க்கு 375 பிக்சல் வரும். உங்கள் முகங்கள் கட்டத்தைவிடச் சிறியதாக இருந்தால் நல்லது. முகம் பெரிதாகி, ஒரே முகத்துக்குள் பல கட்டங்கள் விழுந்தால், கண்ணும் கன்னமும் தனித்தனியாகச் சமமாகி, தேடவேண்டிய வித்தியாசமே அழிந்துபோகும். நெருங்கி எடுத்த படங்களுக்கு 4-க்கு 4 என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

இதை மூன்று நிறத்திலும் தனித்தனியாகப் போட்டுவிடாதீர்கள், நிறம் கெட்டு முகம் ஊதா பச்சை என்று போகும். சிவிடிகலரால் படத்தை லேப் வகைக்கு மாற்றுங்கள். அதில் முதல் அடுக்கு ஒளி மட்டும், மற்ற இரண்டும் நிறம். ஒளி அடுக்கில் மட்டும் கிளாஹே போட்டு, மூன்றையும் சேர்த்து, திரும்பப் பழைய வகைக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

வரம்பை 8, 10 என்று ஏற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். வலைக் குவியலுக்குள் முகம், பாம்பன் பாலத்துத் தூண்களுக்கு நடுவில் முகம் என்று காட்டத் தொடங்கியது. மேலே ஒரு வெளிச்சப் பட்டை, கீழே இருட்டு, நடுவில் ஒரு கோடு என்று இருந்தால் ஹாருக்கு அது முகம்தான்.

தேடுவது

பழக ஹார் போதும். எக்ஸ்எம்எல் கோப்பு ஓப்பன்சிவியோடேயே வருகிறது, டிடெக்ட்மல்டிஸ்கேல் என்று கூப்பிட்டால் முகங்களின் சதுரங்களைத் திருப்பிக் கொடுக்கும். வேலைக்கு யூநெட்டை (YuNet) எடுங்கள். சின்ன நியூரல் வலை, பழக்கிய வலை இருக்கிற ஓஎன்என்எக்ஸ் கோப்பை மட்டும் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும், ஓப்பன்சிவி 4.5.4-இலிருந்து ஃபேஸ்டிடெக்டர்ஒய்என் என்ற பெயரில் இருக்கிறது. திரும்பி நிற்கிற முகம், சாய்ந்த முகம் எல்லாம் ஹாரைவிட நன்றாகப் பிடிக்கிறது. இதற்கு நிறப் படமாகவே கொடுங்கள்.

புதியவர்கள் இடறுகிற இடம் ஒன்று உண்டு. படத்தின் ஷேப் உயரம் முதலில், அகலம் பிறகு என்று சொல்லும். செட்இன்புட்சைஸ் அகலம் முதலில் கேட்கும். அளவு வேறான படம் வரும்போதெல்லாம் இதைத் திரும்பக் கொடுக்க வேண்டும். முகமே கிடைக்காவிட்டால் காலிப் பட்டியல் வராது, நன்தான் வரும். பெரிய படமாக இருந்தால் அகலத்தை 1600-க்குச் சுருக்கித் தேடுங்கள், எத்தனை மடங்கு சுருக்கினீர்களோ, கிடைத்த எண்களை அத்தனையால் திரும்பப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான்: எந்தத் திருத்தம் சிறந்தது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், மூலப் படம், மூன்று காமா, ஒரு கிளாஹே என்று ஐந்து பிரதியிலும் தேடி, கிடைத்ததை எல்லாம் ஒரே பட்டியலில் சேர்ப்பது. யூநெட் சாதாரணப் படங்களைப் பார்த்துப் பழகியது, திருத்தத்தை அள்ளிப் போட்டால் மூலத்தில் கிடைத்த முகத்தையே தவறவிடும். காமாவில் வந்தது கிளாஹேயில் வராது, கிளாஹேயில் வந்தது மூலத்தில் வராது. ஒளியை மாற்றினோமே தவிர எந்தப் பிக்சலையும் இடம் நகர்த்தவில்லை, அதனால் ஐந்திலும் ஒரு முகம் ஒரே இடத்தில்தான் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக விழும் சதுரங்களை என்எம்எஸ்பாக்ஸஸ் ஃபங்ஷன் ஒன்றாக்கிவிடும். நேரம் ஐந்து மடங்குதான், இராத்திரி ஓடவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும்.

யூநெட் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மதிப்பெண் தருகிறது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 0.9-க்கு மேல் வந்ததை மட்டும் முகம் என்று ஏற்கும். நான் 0.6-க்கு இறக்கினேன். மறைக்கிற வேலையில் ஒரு தூக்குச்சட்டியைத் தவறுதலாக மறைத்தால் யாருக்கும் நட்டமில்லை, ஒரு முகம் விட்டுப்போனால் கொடுத்த வாக்கு போச்சு. இதுவே படகில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணுகிற வேலையாக இருந்தால் 0.8, 0.85 என்று வைப்பேன், அங்கே இல்லாத முகமும் தப்புக் கணக்குதான்.

சரி, எந்த எண் சரி என்று எப்படித் தெரியும்? முப்பது, நாற்பது படங்களை எடுத்து, அவற்றில் உள்ள முகங்களை நீங்களே எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். காலைப் படம், மதியப் படம், கூட்டமாக நிற்கிற படம் எல்லாம் கலந்து இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே படங்களில் ஓட்டி, விட்டுப்போனது எத்தனை, இல்லாததைக் காட்டியது எத்தனை என்று இரண்டு எண்களை எழுதிவையுங்கள். இதைச் செய்யாமல் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு எண்களை மாற்றிக்கொண்டே இருந்தால், அந்தப் படத்துக்கு மட்டும் பொருந்துகிற ஒரு நிரல்தான் கடைசியில் கிடைக்கும்.

தண்ணீருக்குள் போடுகிற கண்ணாடியை முகத்தில் மாட்டியபடி நிற்கிறவர்கள் பலர் இருந்தார்கள். கண் இருக்கிற இடம் முழுக்க வானத்தின் பிரதிபலிப்பு. அதற்கு ஒளித் திருத்தம் எதுவும் உதவவில்லை, அந்தப் படங்களைக் கையால்தான் மறைத்தேன்.

மறைப்பது

கிடைத்த சதுரத்தை நாலு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்குங்கள், தாடையும் காதும் வெளியே நிற்காது. ஓரத்தில் நிற்கிற முகத்துக்குச் சில சமயம் எண் கழித்தலில் வரும். நம்பையில் கழித்தல் எண் என்றால் மறுகோடியிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும், வெட்டிய துண்டு காலியாக வரும், முகம் மறையாமலே போய்விடும். 0-க்குக் கீழே போகாமலும் படத்தின் எல்லையைத் தாண்டாமலும் முதலிலேயே வெட்டிவிடுங்கள்.

லேசாக மங்கலாக்குவது போதாது, தெரிந்தவர்கள் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தச் சதுரத்தை 6-க்கு 6 பிக்சலாகச் சுருக்கி, திரும்பப் பழைய அளவுக்கே பெரிதாக்குங்கள், பெரிதாக்கும்போது இன்டர் நியரஸ்ட் என்று கொடுத்தால் கட்டம் கட்டமாக நிற்கும். இதை மூலப் படத்தில்தான் செய்ய வேண்டும். வெளிச்சமாக்கிய பிரதிகளுக்கு வேலை முடிந்துவிட்டது, அவற்றைச் சேமிக்கவே வேண்டாம். ஐஎம்ரைட் புதிதாக எழுதுகிற கோப்பில் எடுத்த இடம், நேரம் போன்ற உள்குறிப்புகள் சேராது, அதுவும் நமக்கு நல்லதுதான்.

எல்லாம் முடிந்த பிறகு, மறைத்த படங்களை லேப்டாப்பில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். பாசியைக் காயப்போட்டுவிட்டு ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒரு படத்தில் அந்த மூத்த அக்கா நிறுத்தச் சொன்னார். முகம் முழுக்கக் கட்டம்தான், ஆனால் விரல்களில் துணி சுற்றியிருக்கிற விதத்தைக் காட்டி, “இது நான்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும் தம்பி, இத எடுத்துருங்க” என்றார். அப்படி நாலு படங்களை எடுத்தோம்.